பழகிய தண்ணீர்

"வெள்ளத்தோட தூக்காதீங்கடே! அடிக்கண்ணாடி விரிஞ்சு போவும்!"

கிருபாபாய் உள்ளறையிலிருந்து ஓடிவந்தாள். கணவனின் தம்பி எலியாவும் இன்னும் மூன்று பேரும் முன்னறை மீன்தொட்டியை நிறைந்த நீரோடு நான்கு மூலையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கணவர் சத்தியதாசின் உடல் வந்துவிடும். சவப்பெட்டியை வைக்க வீட்டில் வேறு இடமில்லை.

நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சாய்ந்ததிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"எலியா, ரெண்டு பெரிய பக்கெட்டு எடு. சோப்பு தொட்ட பக்கெட்டு வேண்டாம். பழைய வெள்ளத்த ஒரு சொட்டும் களையப்பிடாது."

"கெணறு நிறைய வெள்ளம் கெடக்கே மைனி?"

"அது மீனுக்குப் பழகாத வெள்ளமாக்கும்."

பதினேழு மீன்களைக் கொன்று சத்தியதாஸ் படித்த பாடம் அது. அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மறுவாரமே நெய்யாற்றின்கரையிலிருந்து தொட்டியும் மீனுமாக ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார். அன்றைக்கே நீர் ஊற்றி அன்றைக்கே மீனை விட்டார். மூன்றாம் நாள் எல்லாம் வயிறு மேலே மிதந்தன. அடுத்த தடவை தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். அதற்கடுத்தவை பாவம், அவர் பிய்த்துப் போட்ட இட்டலியைத் தின்றே போயின. கடைசியில் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, ஒரு மாதம் மீனே இல்லாமல் கல்லும் செடியும் காற்றுக்குமிழியுமாக ஓடவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீட்டு ஜெபத்துக்கு வந்தவர்கள் குனிந்து குனிந்து மீனைத் தேடினார்கள்.

"வெள்ளம் பழகுது," என்பார் பெருமையாக.

அதன்பிறகு ஒரு மீன்கூடச் சாகவில்லை. சனிக்கிழமைதோறும் அவர் கால்வாசி நீரை மட்டும் இறைப்பார். இவள் புதிதாக ஊற்றுவாள்.

எலியா தொட்டிக்குள் விட்ட ரப்பர் குழாயின் மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. துக்க வீட்டில் துப்பலாமா கூடாதா என்று தெரியாமல், கன்னம் உப்ப ஒரு நிமிடம் நின்றவர், மடக்கென்று விழுங்கிவிட்டார்.

"உங்க அண்ணனும் மொதல்ல இதுபோலத்தான் குடிச்சாவ," என்றாள் கிருபாபாய்.

மகள் ஜின்சிக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பக்கெட்டோடு நின்றவர்களும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே கிருபாபாயும்.

பெட்டி வந்தது. ஜெபமும் பாட்டும் முடிந்து, கல்லறைத் தோட்டம் போய்த் திரும்ப நாலு மணி ஆயிற்று. வந்த வேகத்தில் அவள் தொட்டியைப் பழைய இடத்தில் வைக்கச் சொன்னாள். கல் கலங்காமலிருக்க அடியில் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் பழைய நீரை மெல்ல ஊற்றினாள். பதினொரு மீன்களும் உள்ளே போயின. விடைபெற வந்தவர்கள் முதலில் தொட்டிக்கு முன்னால் குனிந்தார்கள். பிறகுதான் அவளிடம் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

பக்கத்து வீட்டு லேகா மட்டும் தயங்கி நின்றாள். "சேச்சி, எனக்கும் இதுபோல ஒண்ணு வைக்கணும்னு ஆசை உண்டு. எந்த மீனு வாங்கணும்?"

"மீனா? மொதல்ல மீனே வாங்காத மக்கா. கல்லைப் பச்ச வெள்ளத்துல கழுவு. செடி நடு. பெறவு சும்மா இரு."

"எத்தன நாளு?"

"ஒரு மாசம். ஆளுக சிரிப்பாவ. சிரிக்கட்டு."

சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தீனி ஒரு சிட்டிகை போதும் என்று விரலை ஒட்டிக் காட்டினாள். வாசல்வரை போன இரண்டு பேர் திரும்பி வந்து அருகில் உட்கார்ந்தார்கள். யாரோ அவள் கையில் தந்திருந்த தேநீர் ஆறி, ஆடை படிந்தது. ஜின்சி சத்தமில்லாமல் அதை வாங்கிக்கொண்டு, சூடாக வேறொன்றை அந்தக் கையில் வைத்தாள். கிருபாபாய் கவனிக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு மேலே சொன்னாள்.