இஷாவுக்கு முன்

1968 பெப்ரவரி 10, சனி. ஒரு சிறு பிழை. மலேரியா நுளம்பு இரவில் கடிக்கும் என்று மாலை வகுப்பில் படித்ததை, தெருப் பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று, 'இஷாத் தொழுகைக்குப் பிறகு கடிக்கும்' என்று சொல்லிக்கொடுத்து அவர்கள் கொப்பியிலும் எழுதுவித்துவிட்டேன். இன்று என் வகுப்புக் கொப்பியைப் பார்த்தேன். பொழுது சாயும்போதே தொடங்குமாம். அடுத்த கிழமை திருத்த வேண்டும்.

வாப்பாவின் உடலைச் சந்தூக்கில் வைத்து ஆண்கள் தோளில் தூக்கி வாசலைத் தாண்டியபோது ஸுல்பிகாவுக்குக் கொப்பியில் தான் எழுதிய அந்தப் பக்கம்தான் கண்ணில் நின்றது. நான்கு கிழமை போய்விட்டது. படிப்பிக்கிறவளுக்கே தெரியாது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற கூச்சத்தில் ஒவ்வொரு சனியும் தள்ளிப்போட்டிருந்தாள்.

அவளுடைய பாடத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் வாப்பாதான். துறைமுகத்தில் சாமான் இறக்கிவிட்டு வருகிற அபூதாஹிர், அந்தியில் மஃரிப் தொழுததும் சட்டையைக் கழற்றிவிட்டு முற்றத்துக் கதிரையில் காற்று வாங்குவார். உம்மா உள்ளே கூப்பிட்டால், "இன்னும் இஷா பாங்கு சொல்லல்ல. நுளம்புக்கு டியூட்டி தொடங்கல்ல. நம்மட டீச்சர்ட சட்டம்" என்பார். பாங்கு கேட்டதும் எழுந்துபோய் வலைக்குள் படுத்துவிடுவார். அந்த நேரத்தில் ஸுல்பிகா வகுப்பில் இருப்பாள். அவர் மலேரியாவில் நடுங்கிக் கிடந்த ஒன்பது நாளில்தான் உம்மா இதைச் சொன்னாள்.

உள்ளே பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஸுல்பிகா பின்பக்கம் போனாள். மையித்தைக் குளிப்பாட்ட நிரப்பிய பீப்பாய்களில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகும். ஒன்றைச் சாய்த்து மணலில் ஊற்றினாள்.

"இப்ப ஏன் புள்ள அத உருட்டுறாய்?" என்றாள் ரபீக்கா சாச்சி, உம்மாவின் தங்கை. "நாளைக்குப் பாத்துக்கொள்ளலாம்."

"நாளைக்கு, நாளைக்கு எண்டுதான் சாச்சி இவ்வளவும்."

மற்றதையும் கவிழ்த்துவிட்டு முன்னால் வந்தாள். முற்றத்தில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஸல்ஹா வாப்பாவின் கதிரையில் ஏறி, வெறுங்காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸல்ஹா, பொழுது படுது. உள்ள வா."

"இன்னும் இஷா ஆகல்லையே ராத்தா. அபூதாஹிர் மாமா சொன்னவர், இஷாக்கு முன்னுக்குக் கடிச்சா அது நுளம்பில்லையாம், சொந்தக்காரராம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

ஸுல்பிகா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "அது நான் பிழையாச் சொல்லித்தந்தது. இஷா இல்ல, மஃரிப். மஃரிப் பாங்குக்கு முன்னமே உள்ள வரணும். கை கால மூடணும்."

"அப்ப மாமா வெளிய இருந்தது?"

"அதுவும் என்ட பிழைதான்."

சாச்சியின் கை அவள் தோளை இறுக்கியது. "வாய மூடு புள்ள. மௌத்து அல்லாஹ்ட நாட்டம். வாப்பாவ இவள்தான் சாகக் குடுத்தவள் எண்டு ஊரெல்லாம் கதைக்கும்."

"கதைக்கட்டும் சாச்சி. கதைச்சா எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும்."

சாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாப்பாவை அடக்க மையவாடிக்குப் போனவர்கள் திரும்பி வரும் செருப்புச் சத்தமும், அதன் பின்னால் மஃரிப் பாங்கும் வந்தன. ஸல்ஹா கதிரையிலிருந்து இறங்கினாள். அதை இரண்டு கையாலும் பிடித்து, மணலில் கோடு விழ, வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

விளக்கு ஏற்றியபின் ஸுல்பிகா கொப்பியைத் திறந்தாள். பெப்ரவரி 10இல் 'சிறு' என்ற சொல்லை வெட்டினாள். புதிய பக்கத்தில் எழுதினாள்:

மார்ச் 9, சனி. வாப்பாவின் துக்கம், மூன்று நாளைக்கு நான் வெளியே போக முடியாது. நாளை காலை ஸல்ஹாவை அனுப்பிப் பிள்ளைகளை இங்கே கூப்பிட வேண்டும். பதின்மூன்று பேர். பதின்மூன்று கொப்பியிலும் 'இஷா'வை வெட்டி 'மஃரிப்' என்று எழுதுவிக்க வேண்டும்.