இன்னும் வேகவில்லை

லிசியாதே கடைசிப் பொட்டலத்தைக் கற்களின்மேல் வைத்துவிட்டு, "இலை" என்று கையை நீட்டினார். மனைவி சிசிலியா வாழையிலைகளை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் ஏறும்படி ஓடு வேய்வதுபோல் குழியின்மேல் பரப்பினார். அதன்மேல் ஈரச் சாக்கு. சாக்கின்மேல் மண்.

உமு என்னும் இந்தக் குழியடுப்பில் சமையல் தொடங்குவதே நெருப்பு அடங்கிய பிறகுதான். விறகு எரிவதெல்லாம் கல்லுக்காக. கருங்கல்லாக இருந்தது சாம்பல் பூத்து வெளுக்கும்வரை எரியவிட வேண்டும். பிறகு கொள்ளிகளை இழுத்துப் போட்டுவிட்டுக் கற்களைத் தட்டிச் சமமாக்கி, கிழங்குகளை நேராகக் கல்லின்மேலும், லூ பொட்டலங்களைக் கிழங்கின்மேலும் அடுக்கி மூடிவிட வேண்டும். உள்ளே இருக்கும் சூட்டுக்குப் போக வேறு இடம் கிடையாது. ஆகவே அது சாப்பாட்டுக்குள் போகும். ஒரு மூலையில் ஆவி கசிந்தாலும் அந்த மூலை வேகாது என்பதால், மண் போட்ட பிறகு லிசியாதே குனிந்து மேட்டைச் சுற்றி வருவார். வெள்ளையாக ஒரு நூல் எழும்பினால் அங்கே ஒரு கை மண்.

லூ என்பது சேம்பிலைப் பொட்டலம். பெரிய இலை வெளியே, குருத்து உள்ளே என்று உள்ளங்கையில் கிண்ணம்போல் அடுக்கி, வெங்காயமும் டப்பா மாட்டிறைச்சியும் வைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, ஒழுகாமல் மடித்து வாழையிலையில் கட்ட வேண்டும். சேம்பிலை அரைவேக்காடாக இருந்தால் தொண்டையை அரித்தெடுத்துவிடும். அதனால்தான் கோயிலுக்குப் போகும்முன் மூடி, கோயில் விட்டு வந்துதான் திறப்பது. ஊரில் எல்லா உமுவுக்கும் கடிகாரம் பிரசங்கம்தான்.

சாலையிலிருந்து கிலிஃபி கூப்பிட்டார். லிசியாதேயுடன் பாடகர் குழுவில் ஒரே வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடுகிறவர்.

"இன்னிக்கு யாரு பிரசங்கம்னு தெரியுமாய்யா?"

"மலாகாய் மாமா."

"அப்ப ரெண்டு கல்லக் கொறைச்சு வச்சிருக்கணும். லூவெல்லாம் கரியாயிடும்."

"கரியானா உன் வீட்டுக்கு அனுப்பிடறேன். உனக்கு என்ன தெரியப்போவுது."

கிலிஃபி சிரித்துக்கொண்டே போனார். லிசியாதே இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "கை மரத்துக் கெடக்கு சிசிலியா."

"ராத்திரி பூரா கவா வேர்ச்சாறு குடிச்சா மரக்காம என்ன பண்ணும்," என்றாள் சிசிலியா. "போய்க் குளிங்க. மணி அடிச்சுட்டான்."

இரண்டு மணி நேரம் கழித்து நடந்ததை அவள் கோயிலின் மறுபக்கத்திலிருந்து பார்த்தாள்.

மலாகாய் மாமா பைபிளில் நெகேமியா மதில் கட்டிய கதையை எடுத்திருந்தார். அவருக்கு எப்போதும் மூன்று கருத்துகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ஜெபம், ஒரு பாட்டு. இரண்டாவது கருத்து முடிந்து, "ஜெபிப்போம்" என்றதும், எல்லோரும் முன்பெஞ்சின்மேல் நெற்றியைச் சாய்த்து அவரவர் குறையை அவரவர் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். மழை வலுத்து அடங்குவதுபோல் அந்தச் சத்தம் அடங்கியது. தலைகள் நிமிர்ந்தன. லிசியாதேயின் தலை நிமிரவில்லை.

யாரும் அவரைத் தொடவில்லை. இன்னும் சொல்லி முடிக்காத ஆளைத் தட்டி எழுப்புவது அங்கே வழக்கமில்லை. தூங்கிவிட்டார் என்றுதான் சிசிலியா நினைத்தாள். விடியுமுன் எழுந்து விறகு பிளந்த ஆள். வீட்டுக்குப் போனதும் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைக்கூட அவள் தயார் செய்துகொண்டிருந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. அந்த ஊரில் கோயில் பாட்டுக்கு வாத்தியம் இல்லை. கீழ்க்குரல்தான் தரை. இன்று கிலிஃபி அந்தத் தரையைத் தனியாகத் தாங்கிக்கொண்டு, பக்கத்தில் பார்த்துப் பார்த்துப் பாடினார். முதல் சரணம் முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் நண்பனின் முதுகில் கையை வைத்தார். இரண்டாம் சரணத்தில் கீழ்க்குரல் எழவேயில்லை. மற்ற மூன்று குரல்களும் கொஞ்ச தூரம் போய் ஒவ்வொன்றாக நின்றன.

கூட்டத்திலிருந்த ஊர் நர்ஸ் பெஞ்சுகளுக்கு நடுவே வந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சிசிலியாவிடம் அல்ல, மெலெனைதேயைப் பார்த்துத் தலையசைத்தாள். மெலெனைதே லிசியாதேயின் அக்காள். தம்பி செத்தால் மூத்த அக்காள் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். பெண்டாட்டிக்கு அதில் வாய் கிடையாது.

"பேனி, நீயும் கிலிஃபியும் அப்பாவ வண்டில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க," என்று மெலெனைதே சிசிலியாவின் மகனிடம் சொன்னாள். "டாக்டர் பாத்து எழுதித் தரணும். எழுதி வாங்கிட்டு வீட்டுக்குக் கொண்டாங்க." பிறகு சிசிலியாவின் கையைப் பிடித்தாள். "நீ வீட்டுக்கு வா. சனம் வரும்."

சனம் அப்படியே கோயிலிலிருந்து வந்தது. கோயிலுக்கென்று இடுப்பில் சுற்றிக் கட்டும் பாயோடு, கையில் பாட்டுப் புத்தகத்தோடு. வீட்டுக்குள் இருந்த நாற்காலிகளை வெளியே போட்டுவிட்டுப் பாய்களை விரித்தார்கள். சிசிலியாவைச் சுவரோரம் உட்காரவைத்து, இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் நெருங்கி உட்கார்ந்து அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. எங்கேயோ வேறு வீட்டில் ரேடியோ ஓடுவதுபோல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்வாசல் திறந்திருந்தது. அது வழியாக மண்மேடு தெரிந்தது. மேட்டின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு நூல் எழும்பிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து வெளியே போய்க் குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அங்கே போட்டு அழுத்தினாள்.

"கோயில் துணியோட ஏம்மா," என்றாள் பின்னால் வந்த ஒருத்தி. "விடு, மத்தவங்க பாத்துக்குவாங்க."

மெலெனைதே பின்வாசலில் வந்து நின்றாள். வாசலை அடைத்து நிற்கும் உடம்பு. இத்தனை வருஷத்தில் அவள் இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சிசிலியா பார்த்ததில்லை. ஊர் வழக்கப்படி, வளர்ந்த அக்காவும் தம்பியும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. எது வேண்டுமானாலும் முற்றத்தில் நின்று குரல் கொடுப்பாள், லிசியாதே உள்ளே எழுந்து நின்று பதில் சொல்வார்.

"மண்வெட்டி எடுங்கப்பா," என்றாள் ஆண்களைப் பார்த்து. "உமுவைத் தொறந்துடுங்க. வந்தவங்க காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. போதகர் வீட்டுக்கும் அனுப்பணும்."

இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். சிசிலியா மேட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள்.

"இன்னும் வேகல," என்றாள்.

"என்னடி?"

"வேகல அண்ணி. பாதிதான் ஆயிருக்கும். இப்பத் தொறந்தா இலை அரிக்கும்."

"கெழங்கு வெந்திருக்கும்ல. கெழங்க மட்டும் எடுங்க."

"மூடியத் தொறந்தா ஆவி போயிடும். அப்புறம் மூடினாலும் லூ வேகாது."

"அரிச்சா அரிக்கட்டும் தாயி," என்றார் மண்வெட்டி வைத்திருந்தவர் மெதுவாக. "இன்னிக்கு யாரு அதெல்லாம் பாக்கப்போறா."

"அவரு போட்ட உமு அரிச்சுதுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல," என்றாள் சிசிலியா.

அவள் குரலை உயர்த்தவில்லை. நாத்தனார் சொன்னதை மறுத்துப் பேசியாகிவிட்டது, அதுவும் இன்றைக்கு, இத்தனை பேர் முன்னால். அந்த எண்ணம் அவளுக்கு வந்தது. வந்து, பயமாக மாறாமல், அப்படியே நின்றது. மண்வெட்டியின் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மண்ணில் இறங்கினால் அவ்வளவுதான். நாளைக்கும், அடுத்த வருஷமும், லிசியாதே என்றால் ஊருக்கு அந்த அரிப்புதான் ஞாபகம் வரும். நல்ல மனுஷன், பாவம், கடைசி உமுதான் வேகல.

மெலெனைதே படியிறங்கி வந்தாள். மேட்டின் பக்கத்தில் நின்று, கை வைத்துப் பார்க்கப் போகிறவள்போல் குனிந்து, வைக்காமல் நிமிர்ந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"மலாகாய் மாமா பிரசங்கம்னு தெரிஞ்சு கல்லு வச்சாரு," என்றாள் சிசிலியா. "அது முடியற வரைக்கும்."

எல்லோருடைய கண்களும் மாமரத்தடிக்குப் போயின. மலாகாய் மாமா அங்கே ஒரு நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயிலைவிட்டு வந்ததிலிருந்து அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தன் ஜெபத்தில் போன உயிர் என்ற கூச்சம் அவருக்கு. எழுந்து தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு கருத்துதாம்மா சொன்னேன்," என்றார். "மூணாவது அப்படியே நிக்குது."

யாரும் சிரிக்கவில்லை.

"சொல்லுங்க," என்றாள் மெலெனைதே. சொல்லிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மண்வெட்டிகளைச் சுவரில் சாய்த்தார்கள்.

மூன்றாவது கருத்து கதவுகளைப் பற்றியது. மதிலைக் கட்டி முடித்தாலும் கதவு வைக்காதவரை அது மதில் ஆகாது என்று ஆரம்பித்து, தாழ்ப்பாள்கள், அவற்றைச் செய்தவர்கள், அவர்களின் தகப்பன்மார் என்று மலாகாய் மாமா கோயிலில் பேசுவதுபோலவே பேசினார். அதே குரல், அதே நிறுத்தம். சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இடத்தில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். இன்று எல்லோரும் விழித்துக்கொண்டு கேட்டார்கள். பேனியின் தங்கை ஓஃபா அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். அவளுடைய கண்ணீர் சிசிலியாவின் சட்டையை நனைத்து, ஈரம் மார்புவரை பரவியது. சிசிலியாவுக்கு ஈரம் மட்டும் தெரிந்தது.

அவள் வாசனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லூ வேகும்போது முதலில் வருவது பச்சை இலை வாசனை, வெட்டிய புல்போல. தேங்காய்ப்பால் கொதித்து, திரிந்து, எண்ணெய் பிரிந்தால்தான் வாசனை மாறும். எண்ணெய் பிரிகிற சூடு வந்துவிட்டதென்றால் இலையின் அரிப்பும் போய்விட்டதென்று அர்த்தம். மேட்டிலிருந்து இன்னும் புல் வாசனைதான் வந்தது.

"ஆகவே, பிரியமானவர்களே," என்று மலாகாய் மாமா முடிக்கும் தொனிக்கு வந்து, சிசிலியாவைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையாட்டினாள். இல்லை.

"நாலாவதா ஒரு கருத்து இருக்கு," என்றார் மலாகாய் மாமா.

யாரோ மூக்கால் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். மெலெனைதே திரும்பிப் பார்க்கவில்லை. நாலாவது கருத்து எங்கெங்கோ போய் மீன்வாசல், குதிரைவாசல் என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டிவிட்டு வந்தது. வெயில் மாமரத்தின் மறுபக்கம் நகர்ந்தது. பிறகு காற்று ஒருமுறை திரும்பியபோது, கனத்து, இனிப்பாக, எண்ணெய் வாசனை வந்தது.

"இப்பத் தொறக்கலாம்," என்றாள் சிசிலியா.

"ஆமென்," என்றார் மலாகாய் மாமா, வாக்கியத்தின் நடுவிலேயே.

மண்ணை ஒரே பக்கமாக இழுத்து, சாக்கைச் சுருட்டி எடுத்தார்கள். வாழையிலைகள் தவிட்டு நிறமாகச் சுருங்கியிருந்தன. ஆவி எழுந்து ஆட்களை மறைத்துவிட்டு விலகியது. முதல் கூடை, ஞாயிறுதோறும் போவதுபோல், போதகர் வீட்டுக்குப் போனது. அடுத்து வயதானவர்களுக்கு. சிசிலியா அவர்களின் முகங்களைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள். எதிரே இருந்த கிழவி ஒரு வாய் விழுங்கினாள். கொஞ்சம் நிறுத்தினாள். இன்னொரு வாய் எடுத்தாள். முற்றத்தில் யாரும் செருமவில்லை.

ஓஃபா பொட்டலங்களைப் பங்கிட்டுக்கொண்டே வந்தவள், ஒன்றை மட்டும் இலையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

"அது யாருது?" என்றாள் மெலெனைதே.

"அப்பாவோடது, அத்தை. முடிச்சு ரெண்டு போட்டிருக்கும்."

தகப்பன் சாப்பாட்டைப் பிள்ளைகள் தொடக் கூடாது. அக்காள் தொடலாம்.

"இங்க கொண்டா."

மெலெனைதே சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்து முடிச்சுகளைப் பிரித்தாள். இலையை விரித்ததும் மூக்கைச் சுளித்தாள். "இவ்வளவு வெங்காயமா?"

"இதுக்கு மேலயும் போடுவாரு அண்ணி. பக்கத்துல படுக்க முடியாது."

"சின்னதுல வெங்காயத்தப் பாத்தா எந்திரிச்சு ஓடுவான்," என்றாள் மெலெனைதே. "எப்பலேர்ந்து திங்க ஆரம்பிச்சான்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

சிசிலியாவுக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பே தின்றுகொண்டுதான் இருந்தார்.

மெலெனைதே பொட்டலத்தை நடுவில் கிழித்து, ஒரு பாதியை வாழையிலையோடு சிசிலியாவின் பக்கம் தள்ளினாள். சிசிலியா படியில் அவளுக்குக் கீழே உட்கார்ந்தாள். விரல்களால் எடுத்துச் சாப்பிட்டார்கள், இரண்டு பேரும். இலை வெண்ணெய்போல் வெந்திருந்தது. பாதி முடியும்போது கோயில் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. உள்ளே அழுகை மறுபடி உயர்ந்தது. மெலெனைதே மிச்சத்தையும் ஒரே வாயாகப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"கையக் கழுவு," என்றாள்.

சிசிலியா மழைநீர்த் தொட்டியின் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். தேங்காய் எண்ணெய் வெறும் தண்ணீருக்குப் போகாது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது, கைகள் அப்படியே இருந்தன. சோப்பு உள்ளே இருந்தது. உள்ளே நிறையப் பேர் இருந்தார்கள். அவள் குழாயை மூடிவிட்டு, முற்றத்தில் வந்து நின்ற வண்டியின் பின்பக்கம் போய், பேனி குதித்து இறங்குவதற்குள் தானே கொண்டியை நீக்கிப் பின்பலகையைத் தாழ்த்தினாள். பிடித்த இடத்தில் பத்து விரலும் பதிந்து, தகரத்தின்மேல் வெயிலில் மினுங்கின.