காப்புரிமைக்கு முந்திய மூன்று மாதம்

பல்கலைக்கழக வாசலில் பலகையை மாற்றினார்கள். பழையதில் கல்வி மட்டும் இருந்தது. புதியதில் தொழில்முனைவு, பொருளாதார வளர்ச்சி, சமூக மேம்பாடு எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. இனிமேல் ஆராய்ச்சி அலமாரியில் தூங்கக்கூடாது, கம்பெனியாக எழுந்து நடக்கவேண்டும் என்றார் துணைவேந்தர். நல்ல பேச்சுதான், யார் வேண்டாம் என்றார்கள்!

அந்தப் பேச்சை அப்படியே நம்பி உழைத்தவள் இயந்திரவியல் ஆய்வகத்து டெக்னீஷியன். பதினாலு வருஷமாக ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அலைந்ததில் எல்லோருக்கும் அவள் ஸ்க்ரூ அக்கா. பேராசிரியரும், அங்கேயே படித்து முடித்த நாலு பேரும், அவளும் சேர்ந்து ஒரு சின்னக் கருவி செய்திருந்தார்கள். தகடு வெட்டும் பிரஸ்ஸில் அதைப் பூட்டினால், மேலிருந்து இறங்கும் இரும்புக்கும் கீழே இருக்கும் அச்சுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடும். கை குறுக்கே இருந்தால், பெடலை மிதித்தாலும் இரும்பு இறங்காது. இதே மாதிரி ஒன்றைக் கடையில் வாங்கப் போனால் பிரஸ்ஸையே விற்கவேண்டியதுதான். இவர்களுடையது ஒரு மாதக் கூலிக்குள் அடங்கியது.

யோசனை அவளுடையது. அவளுடைய அண்ணன் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்து பிரஸ் ஓட்டுகிறவர். இடது கைச் சுண்டுவிரலை அந்த பிரஸ் வாங்கிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. அதனால் முதல் கருவி தயாரானதும் நேரே கொண்டுபோய் அண்ணன் பட்டறையில் பூட்டிவிட்டாள். மூன்று மாதம் ஓடியது. சந்தே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

வினை அங்கேதான். ஒரு பெரிய கம்பெனி, காப்புரிமையோடு கருவியை வாங்க முன்வந்தது. நாலு பேருக்கும் அங்கே வேலை. கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் இரண்டாவது. பட்டம் வாங்காதவள் பெயர் அப்படிப்பட்ட காகிதத்தில் ஏறுவது அந்தக் கட்டடத்தில் அதுவரை நடக்காத காரியம். ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், ஊரார் பார்க்க வெளியே பயன்படுத்தியிருந்தால் காப்புரிமை கிடையாதாம். பல்கலைக்கழகத்தின் காப்புரிமை அதிகாரி இதை ஆரம்பக் கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். டெக்னீஷியனைக் கூட்டத்துக்குக் கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை.

விஷயம் தெரிந்ததும் பேராசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். திட்டக்கூட இல்லை. கருவி விற்குமா என்று அறிய, கம்பெனி ஆள் வியாழக்கிழமை அந்தச் சந்துப் பட்டறைகளைப் பார்க்க வருகிறார் என்றார் அதிகாரி. அதற்குள் கழற்றிவிடுங்கள், ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம், அப்புறம் தாராளமாகப் பூட்டிக்கொள்ளலாம், வெளியே யாரும் பயன்படுத்தவில்லை என்று உறுதிமொழியில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்றார். நாலு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, இதை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள்.

புதன்கிழமை காலை பட்டறைக்குப் போய், காப்புரிமை வேலைக்கு இரண்டு மாதம் கருவி வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அண்ணன் மறுபேச்சு பேசவில்லை.

"உன் பேரு வருதுல்ல? கழட்டிக்கோம்மா. இந்த லாட்டை முடிச்சிட்டுத் தரேன், உக்காரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். முன்பெல்லாம் அண்ணன் தகட்டை வைத்ததும் சூடு பட்டதுபோலக் கையை இழுப்பார். அதன் பிறகுதான் கால் பெடலுக்குப் போகும். இப்போது கை அச்சுக்குள் இருக்கும்போதே கால் மிதிக்கிறது. இரும்பு மேலேயே நின்று, கை வெளியே வந்ததும் விழுகிறது. அண்ணன் அவள் பக்கம் திரும்பி, மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார்.

நாலு வருஷப் பயத்தை மூன்றே மாதத்தில் அந்தக் கை மறந்துவிட்டது. மறக்கடித்தவள் அவள். ஜாக்கிரதை என்று சொன்னால் தலையாட்டுவார், ஒரு நாள் ஜாக்கிரதையாகவும் இருப்பார். அறுபது நாள் இருப்பாரா? பூட்டாமலே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, பூட்டிவிட்டுக் கழற்றுவது மகா பாவம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அதிகாரி அறையில் பேராசிரியரும் இருந்தார்.

"கழட்ட முடியாது சார். கழட்டினா அவர் கை போயிடும்."

அதிகாரி எவ்வளவோ எடுத்துச் சொன்னார். நாலு பேர் பிழைப்பு, பல்கலைக்கழகத்தின் பெயர், ஆயிரம் பட்டறைக்குப் போய்ச் சேரவேண்டிய பொருள். ஒவ்வொன்றும் உண்மை. அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது. உறுதிமொழித் தாளை இழுத்து, எந்தப் பட்டறை, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, கீழே தானும் போட்டார்.

காப்புரிமை கிடைக்காது என்றானதும் கம்பெனி விலகிக்கொண்டது. நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். வேலையை விட்டு வந்தவள் மட்டும் சொல்லிக்கொள்ளாமலே போனாள். ஸ்க்ரூ அக்காவுக்கு அது இன்றைக்கும் நெஞ்சில் முள்.

அண்ணனிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தன் கைக்காகத் தங்கச்சியின் பெயர் போயிற்று என்று தெரிந்தால், அந்த மனுஷன் அன்றைக்கே கருவியைப் பிடுங்கி எறிந்துவிடுவார். கருவி கடைசியில் தேவைப்படவில்லை, விண்ணப்பத்தில் தானே ஏதோ தப்புப் பண்ணிவிட்டதாகச் சொன்னாள். அண்ணன் பிரஸ்ஸை நிறுத்தவில்லை. முகம் மட்டும் வாடிப்போயிற்று.

"பதினாலு வருஷ உழைப்பும்மா. கொஞ்சம் கவனமா இருந்திருக்கக்கூடாதா?"

சொல்லிக்கொண்டே அடுத்த தகட்டை உள்ளே வைத்தார். கை வெளியே வருவதற்கு முன்பே கால் பெடலை மிதித்தது.

"இருந்திருக்கணும்ணா" என்றாள்.