ராசியான அச்சு

தர்மன் வீட்டுத் தறியில் இழை அறுந்தால் காரணம் தெருவுக்கே தெரியும்: தேவகி. அவன் அண்ணன் மனைவி; அண்ணன் செத்தபின் அந்த வீட்டிலேயே தங்கி, தறியில் குறுக்கே ஓடும் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கும் விதவை. இழை அறுந்த நாளெல்லாம் அவள் எதிரே வந்ததைத் தர்மன் மறக்காமல் சொல்வான். அவள் வந்தும் அறுபடாத நாட்கள்? அவற்றை எவன் ஞாபகம் வைத்திருப்பான், வயிற்றெரிச்சல்!

"எத்தினி தபா சொல்றது அண்ணி? தறியில பூட்டுன பாவு நூலாண்ட வராதீங்க."

"தாரை யாரு கொண்டாந்து குடுப்பா, உங்கப்பனா?"

அறுவதெல்லாம் வலது கரை ஓரம், ஒரே இடத்தில். இழைகளைப் பிரித்து நிறுத்தும், கம்பிச் சீப்பு போன்ற அச்சில்தான் கோளாறு என்று சொல்லிப் பார்த்தாள். தர்மன் சீறினான். அவன் அப்பா முதல் முகூர்த்தச் சேலை நெய்த அச்சு அது. ராசியான அச்சின்மேல் பழி போடுவதா?

வைகாசியில் தாய்க்கு உடம்பு சரியில்லையென்று தேவகி பிறந்த ஊரான கூரம் போய் வந்தாள். அவள் இல்லாதபோதும் இழை அறுந்திருந்தது. இனியாவது வாயை மூடுவான் என்று நினைத்தாள்.

"போற அன்னிக்குப் பாவு நூலைப் பாத்துக்கினே போனீங்களே," என்றான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேரே தறிக்குப் போய், அந்த இடத்தில் அச்சின்மேல் விரலை வைத்து அழுத்தி இழுத்தாள். நெளிந்த கம்பி ஒன்று விரலைக் கிழித்தது. ரத்தத்தோடு விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு தர்மா! இதான் அறுக்குது!"

அவன் கம்பியைப் பார்க்கவேயில்லை. பாவில் விழுந்த சொட்டைத்தான் பார்த்தான்.

"கல்யாணச் சேலையில ரத்தம்! கெளம்புங்க. கூரத்துக்கே போயிடுங்க."

கூரத்தில் அவளுக்குத் தம்பி பெண்டாட்டி எண்ணிப் போடும் சோறுதான். தெரிந்தேதான் துரத்தினான்.

கறைபட்ட இழைகளைப் பிடுங்கி வேறு கட்டினான். ரத்தம் பட்டுத் தீட்டாகிவிட்டதென்று அச்சையும் கழற்றிப் பரணில் போட்டுப் புதியது மாட்டினான். பிறகு ஒரு இழைகூட அறுபடவில்லை. "அவுங்க போனதும் தறி எப்படி ஓடுது பாரு," என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அவன் மனைவி அலமு, தேவகியின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூரத்துக்கு வந்தாள். வந்தவள் அதையே சொன்னாள்.

"மனசுல வச்சுக்காதக்கா. ஆனா நீ இங்க வந்ததுலேர்ந்து அங்க ஒரு இழை அறுந்து போவல."

"அச்சை மாத்தலியா?"

"அது தீட்டுன்னு மாத்துனாரு. அதுக்கும் இதுக்கும் என்னக்கா?"

தேவகிக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது.

"தார் இப்ப யாரு சுத்தறா?"

"நான்தான்."

"புது அச்சும் ஒருநாள் நெளியும், அலமு. அன்னிக்குப் பழி போட அந்த வூட்ல வேற பொம்பள யாரும்மா இருக்கறா?"

அலமு பெட்டியை இறக்கி வைக்கவும் மறந்து நின்றாள்.