பெட்டிக்குள் இன்னொரு கை

குழாய் ஆர்கன் என்பது வாத்தியம் இல்லை, மாடி வீடு. அந்த உயரப் பெட்டிக்குள் ஆயிரத்துக்கும் மேல் குழாய்கள். சுருதி சேர்க்க இரண்டு ஆள் வேண்டும். வெளியே உட்கார்ந்து கட்டையை அழுத்திப் பிடிப்பவள் நான். ஏணியில் ஏறி உள்ளே போய், குழாய் உச்சியில் இருக்கும் தகர வளையத்தை மயிரிழை ஏற்றி இறக்குபவன் என் அண்ணன். காற்று மோட்டார் இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஒரு குழாய் முடிந்தால் மரச்சட்டத்தில் ஒரு தட்டு தட்டுவான், நான் அடுத்த கட்டைக்குப் போவேன். எங்கள் கம்பெனி இவ்வளவுதான்.

போன வருடம் உச்சிக் குழாய்கள் பிசிறடித்ததாக அரங்க மேலாளர் புகார் எழுதினார். இன்னொரு முறை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். எங்களுக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு அரங்குதான். அண்ணனோ, அலாரம் காதருகே கீச்சிட்டாலும் சாவகாசமாகப் பேப்பர் படிக்கிறவன். கேட்டால், என் காது நன்றாகத்தான் இருக்கிறது, உனக்குத்தான் வாய் நீளம் என்பான்.

அன்று காலை கட்டைகளின் முன் உட்கார்ந்தேன். மேல் கட்டையை அழுத்தியதும் குழாய் தன் ஜோடிக் குழாயோடு ஒட்டாமல் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதிர்வு அடங்கி, இரண்டும் ஒரே நாதமாயின. ஒரு தட்டு. அடுத்த கட்டை. மறுபடி தட்டு. முதல் வரிசையில் ஒரு குழாய்கூடத் தப்பவில்லை. அண்ணனைச் சந்தேகப்பட்டதற்கு என்னையே திட்டிக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த மேலாளர், மிச்சம் ஏழு குழாய் வரிசையையும் இன்றே முடியுங்கள், இனி வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அண்ணன் இறங்கி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. மோட்டாரை நிறுத்தச் சொன்னான்.

"மூணாவது குழாய்க்கு மேல எனக்கு ஒண்ணுமே கேக்கல. கைய எடுத்துட்டேன். வெளிய வந்து சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"அப்போ தட்டினது யாரு?"

"ஏணிப் பக்கத்துலருந்து தட்டுச்சு. வளையமெல்லாம் தானா நகருது. வரிசை முடியறவரைக்கும் அதைத் தாண்டி என்னால வர முடியல."

பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே இருக்கும் நடைப்பலகையில் இரண்டு பேர் நிற்க இடம் கிடையாது. அண்ணன் ஏணியைக் காட்டினான்.

"நீ உள்ள போ. உனக்குத்தான் நல்லாக் கேக்குதே. நான் கட்டையப் புடிச்சுக்கறேன்."

நியாயமான பேச்சு. வளையம் நகர்த்த எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் போக எனக்குப் பயம். மேலாளர் திரும்பி வரும்போது நீதான் உள்ளே இருக்க வேண்டும் என்றேன். ஒன்றும் செய்யாதே, சும்மா நில், இது போனால் இரண்டு குடும்பமும் நடுத்தெருவில் என்றேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன்.

ஏறினான். மோட்டாரைப் போட்டு, முதல் கட்டையை அழுத்தினேன். அதிர்வு அடங்கியது, நாதம் சேர்ந்தது. அந்த இரைச்சலையும் மீறி அண்ணன் அழுவது கேட்டது. தட்டு விழுந்தது. நான் அடுத்த கட்டைக்குப் போனேன்.