ஒழுகினால்தான் பந்தல்

ஞாயிற்றுக்கிழமை. மதியம் பன்னிரண்டே முக்கால். கொட்டுகிற மழையில் நகராட்சி சர்வேயர் பெலிசாரியோ உள்ளே நுழைந்தபோது, ஃபுல்வியோ லசான்யா பரிமாறுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

காரணம் தலைக்கு மேலே இருந்தது. வீட்டின் பின்சுவரோடு சாய்த்து, இரண்டு கோடைகாலம் முதுகொடிய அவனே கட்டிய மரப்பந்தல். மோந்தேரல்லோ நகராட்சியின் விதி எளிமையானது. மழை ஒழுகினால் அது பந்தல். ஒழுகாவிட்டால் கூரை. அனுமதி இல்லாத கூரையை இடித்துவிடுவார்கள்.

போன வருடம் மாமியார் லுக்ரேசியாவின் பிறந்தநாள் விருந்தில் பந்தல் விதிப்படி ஒழுகி, சூப் இரண்டு மடங்கானது. மனைவி எர்சிலியா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அதனால்தான் இந்த வருடப் பிறந்தநாளுக்கு முன்பே கடைக்கு ஓடினான். ஓடு போட்டால் மரம் தாங்காது. தகரம் போட்டால் ஆள் வெந்துவிடுவான். பாலிகார்பனேட் தகட்டில் மழை விழுந்தால் கொதிக்கிற எண்ணெயில் மீன் போட்ட சத்தம். கடைசியில் சிக்கிய, பிளாஸ்டிக் பூசிய கெட்டித் துணியை வாங்கிப் பந்தல்மேல் கட்டினான்.

"கடலையே கவுத்தாலும் ஒரு சொட்டு இறங்காது" என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். பாவி, உண்மையைச் சொல்லியிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை கூடவா சார்?" என்றான் ஃபுல்வியோ.

"மழை லீவு பாத்தா பெய்யுது?" பெலிசாரியோ மாமியாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் ஒரு படிவத்தை விரித்தார். "பத்து நிமிஷம். இதுல சொட்டு விழுந்தா பந்தல். விழலைன்னா நாளைக்குக் காலைல இடிக்க ஆள் வரும்."

பதினொரு விருந்தாளிகளும் அண்ணாந்து பார்த்தார்கள். படிவம் சருகாய்க் காய்ந்து கிடந்தது.

"சும்மா உக்காந்திருக்காதீங்க, சாப்பிடுங்க" என்று எர்சிலியா அவருக்கும் லசான்யா வைத்தாள்.

ஏழாவது நிமிடம் மச்சான் ஒஸ்வால்தோ, தன் கிளாஸிலிருந்து ஒரு துளியைப் படிவத்தின் மேல் விரலால் நைசாகச் சுண்டினான். பெலிசாரியோ அந்தத் துளியைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"சோடா. மழையில கேஸ் இருக்காது தம்பி."

ஒன்பதாவது நிமிடம். ஃபுல்வியோ மனைவியைப் பார்த்தான்.

"எங்கம்மா மேல ஒரு சொட்டு விழட்டும், அப்புறம் இருக்கு" என்றாள் அவள், பல்லைக் கடித்தபடி.

அவன் முயல் கறி வெட்டுகிற கத்தியை எடுத்தான். நாற்காலிமேல் ஏறினான்.

"மாப்ள, என்ன பண்றீங்க?" என்றாள் லுக்ரேசியா.

"பந்தலைக் காப்பாத்துறேன் அத்தை."

சரக்!

துணியின் தொப்பையில் தேங்கியிருந்த ஒரு வாளித் தண்ணீர் மொத்தமாக இறங்கியது. சர்வேயர் மேல், படிவத்தின் மேல், மாமியார் அன்று காலைதான் பார்லரில் கட்டிக்கொண்டு வந்த கொண்டையின் மேல்.

பெலிசாரியோ தண்ணீர் வழிகிற படிவத்தைத் தூக்கிப் பார்த்து, முத்திரை குத்தினார்.

"பந்தல்தான். சந்தேகமே இல்ல. அடுத்து முயல் கறின்னு சொன்னாங்களே?"

லுக்ரேசியா, சரிந்த கொண்டையை விலக்கி ஓட்டையை அண்ணாந்து பார்த்தாள்.

"மாப்ள, கத்தியக் கீழ வெச்சிடாதீங்க."

"அத்தை?"

"நான் மட்டும் எதுக்கு நனையணும்? உங்க பொண்டாட்டி தலைக்கு மேலயும் ஒண்ணு போடுங்க."

எர்சிலியா தட்டோடு எழுந்து ஓடினாள்.