இரவல் தகடு

விரிசலை எலேமா முதலில் நகத்தால்தான் கண்டுபிடித்தான். டீசலில் நனைத்த துணியால் உப்புப் புழுதியைத் துடைத்துவிட்டு, கேபினுக்குப் பின்னால் சேசிஸின் இடது இரும்பில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் நகம் மாட்டியது. மேல் விளிம்பில் தொடங்கி, இரும்பின் பாதி உயரம் வரை விரிசல் இறங்கியிருந்தது.

அவனுக்கு ஒரு வாரமாகவே சந்தேகம் இருந்தது. கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இருந்த இடைவெளி, மேல்பக்கம் மட்டும் நாலு விரலாகியிருந்தது. வண்டி பின்பக்கமாக மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தது என்பதற்கு வேறு அடையாளம் தேவையில்லை. தேவையில்லை என்பதால்தான் அவன் அதைப் பார்க்காமல் இருந்தான்.

காரணமும் அவன்தான். நிவாரண நிறுவனம் ஒன்றுக்கு இருபது வருடம் வண்டி ஓட்டியவன். அவர்கள் கழித்துப் போட்டபோது இந்தப் பிக்கப்பை வாங்கி, இன்ஜினைப் பிரித்துக் கோர்த்து, முன் அச்சை மாற்றி, வண்டியாக ஆக்கியவன். மூன்றாவது மழையும் பொய்த்த பிறகு, தண்ணீர் டேங்க் ஒன்றுக்கு இரண்டாக ஏற்றவேண்டி வந்தது. லாரியிலிருந்து கழற்றிய இரண்டு பட்டைகளைப் பின் ஸ்பிரிங்கில் சேர்த்துக் கட்டினான். வண்டி நிமிர்ந்து நின்றது. ஊரில், நார்த் ஹாரில், எல்லோரும் பாராட்டினார்கள். பட்டை வளைய மறுத்தால் பாரம் சேசிஸைத்தான் வளைக்கும் என்பது அவனுக்குத் தெரியாத விஷயமல்ல.

கிரிஞ்யாவின் வெல்டிங் பட்டறை பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி இருந்தது. கிரிஞ்யா மேருக்காரன். பள்ளிக்கூடத்துக்குக் கதவு செய்ய எட்டு வருடம் முன்பு தெற்கிலிருந்து வந்தவன், திரும்பிப் போகவில்லை. பட்டறை வாசலில் டீசல் கேன் ஒன்றின்மேல் ஹலாக்கே உட்கார்ந்திருந்தார். பழைய லாரி டிரைவர். வேலையில்லாத நாளெல்லாம் அங்கேதான் இருப்பார். அவருக்கு எல்லா நாளும் வேலையில்லாத நாள்.

"என்னடா எலேமா, வண்டிக்கு இடுப்பு போயிடுச்சா?"

"லேசாப் பிடிச்சிருக்கு பெரியப்பா, அவ்வளவுதான்."

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப அவ ஒரு கூடாரம், நான் ஒரு கூடாரம்."

கிரிஞ்யா வண்டிக்கடியில் போய்விட்டு, முழங்கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"அண்ணே, நான் வெல்டிங் வைக்கலாம், இல்லன்னா நீங்க கும்பிட்டுக்கலாம். ரெண்டுக்கும் ஒரே பலம்தான். பத்து நாள் விட்டுட்டுப் போங்க. மார்சபிட்ல வேற சேசிஸ் கிடைக்குதான்னு கேக்கறேன்."

"நாளைக்குக் காலைல நான் கிளம்பணும்."

"எங்க?"

"அக்காகிட்ட."

கிரிஞ்யா மேற்கொண்டு கேட்கவில்லை. தராரே ஹுர்ரி மலைக்குக் கீழே எழுபத்திரண்டு ஆடுகளோடு தனியாக இருப்பது ஊருக்கே தெரியும். அவள் பட்டியோடு இருந்த நாலு கூடாரத்துக்காரர்களும் போன வாரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு எல்லைப் பக்கம் போய்விட்டார்கள். தராரேயின் சுமை ஒட்டகம் அதற்கு முந்தைய மாதமே செத்திருந்தது. தம்பி தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான் என்று அவள் அங்கேயே தங்கிவிட்டாள். எலேமா கணக்குப்படி அவளிடம் இருந்த தண்ணீர் இன்றோடு தீர்கிறது. இந்த எழுபத்திரண்டு ஆட்டையும் விட்டால் அக்காளுக்கும் தம்பிக்கும் வேறு ஒன்றுமில்லை.

"ரெண்டு டேங்க் ஏத்தாதீங்க. ஒண்ணே ஒண்ணு" என்றான் கிரிஞ்யா.

"ஒண்ணுதான். ஆயிரம் லிட்டர்."

"அந்த லாரிப் பட்டையையும் கழட்டுங்க."

"கழட்டறேன்."

"அப்படின்னா தகடு வச்சுப் பார்ப்போம். ஆனா என்கிட்ட இருக்கறது கதவுத் தகடு. காகிதம் மாதிரி. கனமா எதுவும் இருக்கா?"

எலேமா இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு தகட்டை இழுத்தான். இரண்டடி நீளம், ஒரு கை அகலம், சுண்டுவிரல் கனம். உடைந்த லாரி ஒன்றின் சேசிஸிலிருந்து எடுத்தது. மணலில் ஜாக்கி புதையாமலிருக்க அடியில் வைப்பான். அதன் ஒரு மூலையில் உளியால் ஒரு வட்டமும் மூன்று கோடும் வெட்டியிருந்தது. அவன் மச்சான் உமுரோ தன் ஒட்டகங்களுக்குச் சுடும் அடையாளம்.

கிரிஞ்யா சுத்தியலால் தட்டிப் பார்த்து, முகம் மலர்ந்தான். சாக்கட்டியை எடுத்து, தகட்டின் இரண்டு முனையிலும் சாய்வாகக் கோடு போட்டான், இரண்டு பக்கமும் கூர்ந்து ஓடும்படி. கிரைண்டரை எடுத்தபோது ஹலாக்கே எழுந்துவிட்டார்.

"ஏய், ஏய். நிறுத்து. அது யாரோடது தெரியுமா?"

"யாரோடதா இருந்தா என்ன பெரியவரே? முனையை இப்படி வெட்டினாத்தான் பாரம் பரவி இறங்கும். நேரா நின்னா, எல்லாம் அந்த ஒரே கோட்டுல போய் விழும். பக்கத்து இரும்பு போயிடும்."

"அது தபாரே. உமுரோ குடுக்கறப்ப நானும் இருந்தேன். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் குடுத்தான். இல்லையாடா எலேமா?"

உமுரோ சொன்னது உண்மைதான், சிரித்துக்கொண்டே சொன்னான். "ஜாக்கிக்கு வச்சுக்கோ மச்சான், தபாரேன்னு நெனச்சுக்கோ." ஆனால் சொன்னான். தபாரே என்றால் இரவல். அப்படிக் கொடுத்த ஒட்டகத்தின் பாலைக் குடிக்கலாம். அதன் காதை அறுக்கக் கூடாது, சூட்டை மாற்றக் கூடாது. செத்தால் தோலைக் கொண்டுபோய்க் கொடுத்தவனிடம் காட்டவேண்டும்.

மூன்று வருடம் முன்பு உமுரோவின் ஒட்டகம் ஒன்று அப்படி எலேமாவிடம் இருந்தபோது செத்தது. அப்போது அவன் நிறுவனத்து வண்டியோடு மொயாலேயில் இருந்தான். திரும்பி வருவதற்குள் தோலை நரி கிழித்துவிட்டது. வெறுங்கையோடு போய் நின்றான். உமுரோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேநீர் கொடுத்தான். அந்தத் தேநீரை எலேமா இன்னும் மறக்கவில்லை.

"உமுரோவுக்கு ஒரு போன் போடுங்களேன்" என்றான் கிரிஞ்யா.

"எல்லைக்கு அந்தப் பக்கம் ஒட்டகத்தோட இருக்கான். சிக்னல் இல்லை."

"அண்ணே, இது இரும்பு. இதுக்குக் காதா இருக்கு அறுக்கறதுக்கு?"

"உங்க ஊர்ல வாழைத்தாரை எவன் வேணா வெட்டுவான். அதனால உனக்கு எல்லாமே வெட்டறதுக்குத்தான்" என்றார் ஹலாக்கே.

"எங்க ஊர்ல வண்டி பாதி வழியில நிக்காது பெரியவரே."

"உங்க ஊர்ல ரோடு இருக்கு. நீங்க தள்ளிக்கிட்டே கூடப் போகலாம்."

எலேமா தகட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். கிரிஞ்யா சொல்வது சரி என்பது அவனுக்குத் தெரியும். மழையும் பொய்த்து ஒட்டகமும் செத்துக்கொண்டிருக்கும் வருடத்தில், ஹலாக்கே இந்த வாசலில் கண்டதை எல்லாக் கிணற்றடியிலும் சொல்வார், பிறகு யாரும் அவனை நம்பி எதையும் இரவல் தரமாட்டார்கள் என்பதும் தெரியும். வெட்டாமல் வைத்தால், பிறகு வெல்டிங்கை உராய்த்து எடுத்து, வாங்கியபடியே திருப்பிக் கொடுக்கலாம். ஒரு தடவைதானே போய்வர வேண்டும். ஒரே ஒரு டேங்க்.

"முழுசாவே வை" என்றான்.

கிரிஞ்யா சாக்குக் கோடுகளைக் கட்டைவிரலால் அழித்தான். நல்ல வேலைக்காரன், வெல்டிங் வரி ஒரே சீராக விழுந்தது. எலேமா லாரிப் பட்டைகளைக் கழற்றி ஓரமாகப் போட்டான்.

புதன்கிழமை விடிந்ததும் கிணற்றில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினான். சல்பி உப்புப் பாலையின் ஓரமாக, உப்புத் தரை முடிந்து கல் தொடங்கும் இடத்தில் பாதை போனது. அவன் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கினான். நாற்பது கிலோமீட்டர் வரை வண்டி நன்றாகத்தான் வந்தது. ஒன்றிரண்டு முறை இறங்கிப் பார்த்தான். தகடு சுத்தமாக இருந்தது. மூன்றாம் முறை இறங்கிப் பார்க்கவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த கம்பை முழங்காலில் வைத்து ஒடித்ததுபோல் ஒரு சத்தம். உடனே எதிரே இருந்த மலை கண்ணாடியிலிருந்து கீழே இறங்கி மறைந்தது. கண்ணாடி முழுக்க வானம். வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

இறங்கிக் குனிந்து பார்த்தான். தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, வெல்டிங்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. தகட்டின் பின்முனை எங்கே நேராக முடிந்ததோ அங்கேயே, அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல், பழைய இரும்பு மேலிருந்து கீழ்வரை அறுந்திருந்தது. வலதுபக்க இரும்பு முறுக்கிக்கொண்டு பிளந்திருந்தது. பின்தொட்டி தரையில் உட்கார்ந்திருந்தது. டேங்க் கட்டிய கயிறு அப்படியே இருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஒரு மணி நேரம் முயன்றான். ஜாக்கியால் தூக்கி, சங்கிலியால் இரண்டு பாதியையும் இழுத்துக் கட்டலாம் என்று பார்த்தான். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்குப் பதிலாக மணலுக்குள் போனது. அடியில் வைக்க வேண்டியது சேசிஸோடு ஒட்டிக் கிடந்தது. கல்லை வைத்தான், கல்லும் போனது. பாதையில் முன்னும் பின்னும் யாரும் இல்லை. அந்தப் பக்கம் அவனைத் தவிர யாரும் வண்டியில் வருவதில்லை.

பத்து லிட்டர் கேனை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். இருபது கிலோமீட்டர்.

பிற்பகலில் பட்டி தெரிந்தது. நாலு கூடாரம் இருந்த இடத்தில் நாலு வட்டக் கல். ஐந்தாவது மட்டும் கூடாரமாக இருந்தது. தராரே வாசலில் நின்று அவனை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"வண்டி?"

"ஒடஞ்சிடுச்சு அக்கா."

"தண்ணி?"

"தண்ணி இருக்கு. டேங்க் நெறைய இருக்கு. ஒரு சொட்டு போகலை."

அவள் அவன் வந்த திசையைப் பார்த்தாள். "கொட்டிப் போயிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள்.

அவனுடைய சட்டையில் தண்ணீர் வாடை இருந்திருக்க வேண்டும். நாலைந்து ஆடுகள் எழுந்து வந்து முழங்காலில் முட்டின. தராரே கேனைச் சட்டென்று வாங்கிக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்த் தோலால் மூடினாள். பத்து லிட்டரை எழுபத்திரண்டு ஆட்டுக்கு நடுவே வைத்தால் மிதித்தே பாதி செத்துவிடும். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு வெளியே வந்தாள்.

"நீ அவங்களோட கிளம்பியிருக்கலாம்."

"நீ வர்றேன்னு சொன்னே." அதில் குத்தல் எதுவும் இல்லை. இன்ன தேதி, இன்ன கிழமை என்பதுபோல்தான் சொன்னாள்.

"முனையைச் சாய்வா வெட்டச் சொன்னான் அக்கா, அந்த மேருக்காரன். நான்தான்…"

"எதை?"

"ஒண்ணுமில்லை."

"கேன்ல தூக்கிட்டு வந்து குடுக்கறேன்னு சொல்லப்போறியா?"

"ரெண்டு நடை நடந்தா…"

"இப்ப பத்து லிட்டரைத் தூக்கிட்டு வந்ததுக்கே உன் கால் நடுங்குது. உட்காரு."

வெயில் சாயும்வரை இருவரும் நிழலில் இருந்தார்கள். பிறகு தராரே கம்பை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் போனாள். ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் கம்பால் ஒரு தட்டு. எழுந்தால் வாசல் பக்கம் தள்ளிவிட்டாள். எழாவிட்டால் இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டு யாருக்கும் கிடையாது. பெயர் சொல்லித்தான் தட்டினாள். பெயர் சொன்னதால் எதுவும் மாறவில்லை. சினையாக இருந்த வெள்ளையை மட்டும் காதைப் பிடித்துக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கடந்து போனாள்.

வாசல் பக்கம் முப்பத்தொன்று சேர்ந்தன. மீதி தரையில் இருந்தன.

"இதுக இன்னிக்கு ராத்திரி நடந்து விடியக் காலைல வண்டிகிட்ட வந்துடும்" என்றாள். "நடுவுல எத்தனை விழும்னு தெரியாது. டேங்க் எவ்வளவு நாளைக்கு வரும்?"

"முப்பதுக்கா? பத்து நாளைக்கு."

"பத்து நாளுக்கு அப்புறம்?"

அவள் பதிலுக்காகக் கேட்கவில்லை. கேனையும் ஒரு தோலையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நாக்கைச் சொடுக்கி, ஆடுகளை வெளியே ஓட்டினாள். கூடாரத்தைப் பிரிக்கவில்லை. பட்டியின் முள்வாசலை அடைக்கவும் இல்லை.

எலேமா உள்ளே போனான். ஓரத்தில் கிடந்த ஓர் ஆட்டின் வயிற்றுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். அது நின்றது. மெல்லக் கையை எடுத்தான். அப்போதும் நின்றது.

"அக்கா, இது நிக்குது!"

தராரே திரும்பிப் பார்க்கவில்லை. "எலேமா, வா" என்று மட்டும் தூரத்திலிருந்து சொன்னாள்.

ஆட்டின் முன்னங்கால்கள் மடிந்தன. அவன் அதற்குப் பக்கத்தில் கிடந்ததன் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்தான்.